தம்பிக்கு, அப்பா எழுதுவது

கரூர்

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் உன்னைக் கேட்காத ஆள் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மூழ்கிப்போன லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குக்கு ஏதாவது கிடைக்கும் என்று நீ இன்னும் காத்திருப்பது தெரியும். உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2020 நவம்பர் 17-ஆம் தேதி பணம் எடுக்கக் கட்டுப்பாடு. வேறு வங்கியோடு சேர்க்க ரிசர்வ் வங்கி போட்ட வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல 20-ஆம் தேதி வரைக்கும்தான் அவகாசம். 27-ஆம் தேதி சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தாயிற்று. 1926-இல் நம் ஊர் வியாபாரிகள் தொடங்கிய வங்கி பத்தே நாளில் பெயர்கூட இல்லாமல் போனது. அத்தனை கிளைகள் வைத்திருந்த வங்கியின் பங்குக்கு ஒரு பைசாகூட மதிப்பில்லையா என்று கேட்கிறாய். அதே வருஷம் மார்ச்சில் மூழ்க இருந்த யெஸ் வங்கியில் முக்கால்வாசிப் பங்கை மூன்று வருஷம் விற்க விடாமல் நிறுத்தி வைத்தார்களே தவிர, அடியோடு அழிக்கவில்லையே என்கிறாய். நியாயமான கேள்விதான். மூன்று நாள் அவகாசம் அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். வழக்குப் போட்டவர்களோடு நீ நிற்பதில் எனக்குப் பெருமைதான். நம் வீட்டில் பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நீ.

படிக்கத் தெரிந்தவன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? நூறு ரூபாய் கடனில் 24 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். நஷ்டத்தைத் தாங்க வங்கி கையில் வைத்திருக்க வேண்டிய மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே. டெபாசிட் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், பங்கு வாங்கியவர் முதலாளி. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது முதலாளியின் காசு. அம்மாவின் டெபாசிட் ஒரு பைசா குறையாமல் இருப்பதும் உன் பங்கு மொத்தமாகத் தள்ளுபடி ஆனதும் அதனால்தான். டிபிஎஸ்காரர்களும் 2,500 கோடி ரூபாய் புதிதாகப் போட்டுத்தான் அதை நடத்த வேண்டியிருந்தது. 2004-இல் இதே மாதிரி வேறு வங்கியோடு சேர்க்கப்பட்ட குளோபல் டிரஸ்ட் வங்கியின் பங்குதாரர்களும் இப்படித்தான் காத்திருந்தார்கள்.

வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். வந்தால் வரவு. வராத பணத்தை நம்பி வேறு எதிலும் கை வைக்காதே. விட்டதைப் பிடிக்கிறேன் என்று போகாதே. விலை இறங்கிக் கிடக்கிறது என்று இன்னொரு வங்கிப் பங்கை வாங்கினாயாமே, சித்தப்பா பையன் சொன்னான். விட்டதைப் பிடிக்கப் போய்த் தாராபுரத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாரு வாங்கிய பங்கும் லட்சுமி விலாஸில்தான் போனது. 2017-இல் நூறு ரூபாய்க்கு மேல் விலை வைத்து, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்கு உரிமைப் பங்கு கொடுத்தபோது ஊரில் எத்தனையோ பேர் வாங்கினார்கள். இன்றைக்கும் ஜவஹர் பஜாரில் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வரும். யாரும் யாரையும் இளப்பமாகப் பார்ப்பதில்லை. நீ மட்டும் ஏன் ஊர்ப் பக்கம் வர மாட்டேன் என்கிறாய்?

சம்பந்தி வீட்டு வளைகாப்பு போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். மருமகள் கையில் கண்ணாடி வளையல் மட்டும்தான் இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை, போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நானும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வைகாசியில் மாரியம்மன் கோவில் கம்பம் ஆற்றுக்கு விடும்போது இரண்டு பேரும் வந்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கப் போகாதே தம்பி, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அம்மாவின் டெபாசிட் தையில் முதிர்கிறது. நகை எந்தக் கடையில், எவ்வளவுக்கு இருக்கிறது என்று மட்டும் எழுது. மருமகளைத் திட்டாதே, அவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா