அப்பாவுக்கு, வருஷக் கடைசிப் பரீட்சை பற்றி

லோயர் ஹட், வெலிங்டன், நியூசிலாந்து
18 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி வீட்டார் எல்லோரும் நலமா?

புரட்டாசிக் கடைசியில் நீங்கள் போட்ட கடிதம் தீபாவளி கழிந்து பத்தாம் நாள் வந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த சுவாமிமலைத் திருநீறு பொட்டலத்திலிருந்து கசிந்து உங்கள் எழுத்தின்மேல் படிந்திருந்தது. தாளை அப்படியே நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். பதில் மட்டும் எழுதவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கார்த்திகையும் போய் மார்கழி பிறந்துவிட்டது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. உங்களிடம் கத்திப் பேச எனக்கு மனம் வருவதில்லை. மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தது இது: “பேத்திக்கு வருஷக் கடைசிப் பரீட்சை எப்போது? என்ன ரேங்க்?” நேற்றோடு பள்ளி முடிந்துவிட்டது அப்பா. நம் ஊர்போல் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் வரிசையாக உட்கார்ந்து எழுதும் பரீட்சை இங்கே ஆரம்பப் பள்ளியில் கிடையாது. ரேங்க்கும் கிடையாது. பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிகிற நான்கு பருவங்கள். நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை, பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று ஆசிரியை எழுதித் தருகிறார். பெரியவளின் அறிக்கையில் கணக்கு, வாசிப்பு எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு வரி இருந்தது: மற்றவர் பேசும்போது கடைசிவரை கேட்கிறாள். நீங்கள் மூன்றாம் வகுப்பில் என்னைப் பெஞ்சுமேல் நிற்க வைத்தது இதற்காகத்தானே. உங்கள் பேத்தி தேறிவிட்டாள்.

பரீட்சை இல்லையென்றால் வருஷக் கடைசியில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். கடைசி மூன்று வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் கடற்கரையில் பிக்னிக், ஒருநாள் பரிசளிப்பு, ஒருநாள் வகுப்பறையைக் கழுவித் துடைத்துப் படங்களையெல்லாம் சுவரிலிருந்து எடுத்தல். தொலைந்த பொருள்களை வராந்தா பெஞ்சில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். பெயர் எழுதாத ஸ்வெட்டர்கள், ஒற்றைச் செருப்புகள், மூடியில்லாத டிபன் டப்பாக்கள். சின்னவனின் தொப்பி இரண்டும் அங்கேதான் கிடந்தன. இங்கே வெயில் குளிர்ச்சியாக இருந்தாலும் தோலைச் சுட்டுவிடும். கோடைப் பருவங்களில் தொப்பி போடாத பிள்ளையை மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள், நிழலில்தான் உட்கார வேண்டும். ஆனால் செருப்பு போடாமல் ஓடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவாள்.

சின்னவன் பள்ளியில் சேர்ந்த நாள் அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள். இங்கே பெரும்பாலும் அப்படித்தான். ஐந்து முடிகிற அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விஜயதசமியும் இல்லை, நெல்லில் விரல் பிடித்து எழுதுவதும் இல்லை. அதனால் அன்று காலை ஒரு தட்டில் பொன்னி அரிசியைப் பரப்பி, நானே அவன் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துவிட்டுத்தான் அனுப்பினேன். இதை உங்களுக்கு எழுதவில்லை என்று இப்போதுதான் நினைவு வருகிறது.

பெரியவள் இந்த வருஷம் சாலைக் காவல். காலையும் மாலையும் பள்ளி வாசலில் ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் மாட்டிய ‘நில்’ பலகையைச் சாலைக்குக் குறுக்கே திருப்புவாள். லாரிகூட நின்றுவிடும். குளிர்காலத்தில் விரல் மரத்துப்போய் வருவாள்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். டிசம்பர் இங்கே கோடை. கடலோரத்து பொஹுடுகாவா மரங்கள் முருங்கைப் பூவைக் கொத்தாகக் கட்டிச் சிவப்பில் முக்கியதுபோல் பூத்திருக்கின்றன. ஆனால் காற்று தெற்கிலிருந்து திரும்பினால் ஸ்வெட்டரைத் தேட வேண்டும். நம்மூரில் தென்றல் என்றால் உடம்பைத் தடவிக்கொண்டு போகும்; இங்கே தெற்கே பனிக்கண்டம் இருப்பதால் தென்றல்தான் வாடை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்கிறாரே, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவர் காற்று திரும்பும்போதெல்லாம் வேலியோரம் வந்து நின்று துணியை எடுக்கச் சொல்வார். நாங்கள் எடுக்கும்வரை நகரமாட்டார். மழையோ குளிரோ, அரைக்கால் சட்டைதான். போகும்போது வேலிக்கு மேலே ஐந்தாறு எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டுப் போவார். கடைசி வாரம் பள்ளிக்கு கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்தவர் அவர்தான். சிவப்பு அங்கிக்குக் கீழே அதே அரைக்கால் சட்டை. சின்னவன் கால்களைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்துவிட்டான், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அவர் கொடுத்த பழத்தில்தான் பொது விருந்துக்கு எலுமிச்சை சாதம் செய்து கொண்டுபோனேன். வகுப்புக்கு ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம். ஜன்னலோரத் தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலைச் செடியில் எட்டு ஈர்க்குதான் இருந்தது, நான்கைக் கிள்ளிப் போட்டேன். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது.

இனி உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி. வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் தான் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். பெரியவள் எடுத்துக்கொண்டது ஒரு மணி. விளிம்பு உடைந்த வெண்கல மணி. உயரம் ஒரு சாண்கூட இல்லை. வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்கே ஃபங்காரே பக்கம், இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் இதைப் பார்த்தார். அவர்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் விழுந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். அதைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து, அப்பா. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள். நாகூரிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பிய கப்பலாக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஆசை. எப்படி இங்கே வந்தது என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அட்டையில் மணி செய்து, நீங்கள் அனுப்பிய அரிச்சுவடியைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை எழுதிக்கொண்டு போனாள். பேசி முடித்ததும் வகுப்பே வரிசையில் நின்றதாம், எங்கள் பெயரையும் அந்த எழுத்தில் எழுதிக் கொடு என்று. இருபத்துமூன்று பெயர்கள் எழுதினாள். அன்று முழுவதும் கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

நேற்றுதான் கடைசி நாள். இந்தப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிகிறது, பிப்ரவரியில் அவள் வேறு பள்ளிக்குப் போகிறாள். விடைபெறும் பிள்ளைகள் மாவோரி மொழியில் பாடி ஆடினார்கள். பெண்கள் கயிற்றில் கட்டிய வெள்ளைப் பந்தைச் சுழற்றும் ‘போய்’ ஆட்டம். நாற்பது பந்துகளும் ஒரே நேரத்தில் உள்ளங்கையில் வந்து அடிக்கிற சத்தம், நம் வீட்டு முற்றத்து ஓட்டில் முதல் மழை விழுகிற மாதிரி இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தார் எழுந்து போய்ப் பிள்ளைகளுக்கு மாலை போட்டார்கள். மிட்டாய்களைக் காகிதத்தோடு வண்ண நாடாவில் கோத்துக் கட்டிய மாலை. சமோவா நாட்டுக்காரர்கள் உலா லோலே என்கிறார்கள். மூன்று மாலை, நான்கு மாலை என்று சில பிள்ளைகளுக்கு முகமே தெரியவில்லை. நான் எதுவும் கொண்டுபோகவில்லை அப்பா. இப்படி ஒரு வழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமோ கோயிலோ சாவோ, மாலை இல்லாமல் வாசல்படி இறங்காத வீட்டில் பிறந்துவிட்டு, என் பெண் கழுத்து வெறுமையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்பதுபோல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது அவளுடைய தோழியின் பாட்டி, தடியூன்றி நடக்கிற சமோவா அம்மாள், எழுந்து போனார். தன் பேத்தியின் கழுத்திலிருந்து ஒரு மாலையைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்து ஏதோ சொன்னார். நீங்கள் 2008-இல் ஓய்வுபெற்ற அன்று, உங்களுக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவின் கழுத்தில் போட்டீர்களே, அது அப்படியே என் கண்முன் வந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வெளியே வந்து, பிள்ளைகள் பை மாட்டும் கொக்கி வரிசைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். யாரையாவது ஒருவரை, தம்பியையாவது, கும்பகோணம் அத்தையையாவது, அந்தக் கூட்டத்தில் எங்களுக்காக உட்கார்ந்திருக்கப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நீங்கள் முதல் வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்.

இப்போது சரியாகிவிட்டது. கவலைப்படாதீர்கள். உங்கள் மாப்பிள்ளை எல்லா விழாவுக்கும் வந்தார். அவருக்கு ஆகஸ்டிலிருந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போவதும் சமையலும்கூட அவர்தான். நான் முதியோர் இல்லத்தில் சில இரவுகள் கூடுதலாகப் போகிறேன். இரவில் வேலை அமைதியாக இருக்கிறது. விடுமுறையில் பள்ளி நீச்சல் குளத்துச் சாவியைப் பணம் கட்டிய குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். இந்த வருஷம் நாங்கள் வாங்கவில்லை, பெட்டோனி கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. பொங்கலுக்கு வர முடியாது. டிக்கெட் விலை இறங்கட்டும் என்று பார்க்கிறோம்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். தை பிறக்கட்டும் என்று அவள் சொல்வாள், கேட்காதீர்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடத் தம்பி மகளிடம் பொறுப்பைக் கொடுங்கள், அவள்தான் மறக்கமாட்டாள். என் பங்குப் பணம் ஜனவரி இரண்டாம் வாரம் வரும் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவனிடம் நானும் பேசுகிறேன்.

ஆற்றங்கரை நிலத்தை விற்பதில் எனக்குத் தடையில்லை. பவர் பத்திரத்தை இங்கே வெலிங்டனில் இருக்கும் நம் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும் என்றால், வாசகத்தை ஆவண எழுத்தரிடம் சரியாக எழுதி வாங்கி அனுப்புங்கள். சர்வே எண் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கட்டும். ஆனால் வீட்டுக் கொல்லையை அதில் சேர்க்க வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிணறும் மாமரமும் இருக்கிற பக்கம் நீங்களும் அம்மாவும் இருக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். இதில் அவன் மனம் கோணினாலும் பரவாயில்லை. என் இரட்டை வடச் சங்கிலி இன்னும் பேங்க் லாக்கரில்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன்.

உங்கள் பழைய பள்ளியில் பதினான்கு பிள்ளைகள்தான் என்று எழுதியிருந்தீர்கள். காலை உணவு போடுவதால் இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள் என்று நம்புகிறேன். மேலத்தெருப் பெரியப்பாவின் பேரனையாவது அங்கே சேர்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. உங்கள் பாதங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: மாலை போட்ட அந்தப் பாட்டிக்கு உங்கள் பேத்தி தமிழில் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை செய்துகொண்டிருக்கிறாள். அவர் பெயர் ஆங்கில F ஒலியில் தொடங்குகிறது. ‘ஃப’ எழுதலாமா, ‘ப’ என்றே எழுத வேண்டுமா, தாத்தாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்கிறாள். உங்கள் பதில் வரும்வரை அட்டையில் அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறாள்.