குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு, கறுப்பு பனியன்காரர் வீட்டிலிருந்து

பாளையங்கோட்டையில் எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணாச்சி, மற்ற நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்களைக் காலி செய்யச் சொல்லிப் போன கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்தின் நகலை வீட்டு ஓனர் அம்மா கொண்டுவந்து கொடுத்தார்கள். எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை நிகழ்ச்சியில் என் வீட்டுக்காரர் விரல் முத்திரை காட்டி, வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த மேடைப் படம். தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சத்தம் என்று எழுதியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். என் வீட்டுக்காரர் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கிட்டார் வாசிக்கிறார், அடுத்த அறைக்கே கேட்காது. நீங்கள் எழுதியிருப்பது ‘சாத்தான் முத்திரை’. ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிற அதை மெட்டல் மேடையில் பிரபலமாக்கியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. கண்ணேறு கழிக்க இத்தாலிக்காரப் பாட்டி காட்டியதைப் பார்த்துப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். நம் ஆச்சிமார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற அதே சங்கதி. அப்புறம், நீங்கள் சொல்கிற அந்த வௌவாலைக் கடித்த கதை. 1982இல் அமெரிக்க மேடையில் வௌவாலைக் கடித்தவர் ஆஸி ஆஸ்போர்ன் என்ற மெட்டல் பாடகர், என் வீட்டுக்காரர் இல்லை. அந்த ஆஸியே வீட்டில் டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டியதை 2002இல் எம்டிவி தொடராகக் காட்டியது. மேடை வேறு, வீடு வேறு.

எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? மகளுக்கு இரட்டைச் சடை பின்னுவது அவர்தான். நீள முடியைப் பராமரித்த கை, என்னைவிட நன்றாகப் பின்னும். பின்னி முடித்து வேன் நிற்கும் முக்கு வரைக்கும் கூட்டிப்போவார். இப்போது பிள்ளை, “அப்பா வேண்டாம், அம்மா வா” என்கிறாள். வேனில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அவர் ஒன்றும் பேசவில்லை. முடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு வாசல் வரை மட்டும் வருகிறார். ‘பிள்ளைகளுக்கு ஆகாது’ என்று தீர்மானத்தில் எழுதினீர்களே, இந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் வருகிறாள்?

காவல்சாமி சுடலைமாடனுக்குக் கொடை விழா எடுத்து, நடுச்சாமத்தில் சாமி மயானத்துக்கு வேட்டைக்குப் போவதைக் கையெடுத்துக் கும்பிடுகிற சீமை இது. இங்கே பனியனில் அச்சடித்த மண்டையோட்டுக்கா பயம்? கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிய விடிய மேளம் முழங்கும்போது நாங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடையில் ஆடுகிற கணியான் கூத்தில் மகுட மேளச் சத்தம் கேட்டால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிற மனிதர் அவர். வரி பிரிக்க வரும்போது நாங்களும் தெருக்காரர்கள், ரசீதில் பெயர் இருக்கிறது. மற்ற நாளில் சாத்தான் வீடு.

சரி, கேட்க வந்ததை மறந்து எங்கேயோ போய்விட்டேன். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டு ஓனர் அம்மாவே சங்கடப்படுகிறார்கள். தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்து, அதை அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். கூட்டத்துக்கு அவரும் வருவார், கேட்க வேண்டியதை நேரில் கேளுங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. நிகழ்ச்சி இருந்தால் வெள்ளி ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறிவிடுவார்.

இப்படிக்கு,
கிட்டார்காரர் மனைவி