நோயில்லாத குழந்தைக்கும் வரிசையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நிறையவே உழைத்திருக்கிறார். ஆனாலும், படுக்கைகளும் கருவிகளும் பெருகினால் குழந்தை இறப்பு தானாகக் குறைந்துவிடும் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. படுக்கை வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? அங்கே வந்து சேரும் குழந்தைகளில் பலருக்குப் பல வாரங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் எடை பார்த்திருப்பார். பார்த்தவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த எனக்கு எழும் கேள்வி.

நைஜீரியாவில் பணியாற்றிய டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவர், குழந்தையின் எடையை மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடாக இணைக்கும் வளர்ச்சி அட்டையைப் பரவலாக்கியபோது, அது மருத்துவமனை அலமாரியில் கிடக்காமல் தாயின் கையில் இருக்க வேண்டும் என்றார். இன்று தாயின் கையில் அட்டை இருக்கிறது, அதில் கோடுதான் இல்லை. எடையைப் பதிவேட்டில் எண்ணாக எழுதிக்கொண்டு, 'சரி, அடுத்த மாதம் வாருங்கள்' என்று அனுப்பிவிடுகிறார்கள். தனியாக நிற்கும் ஓர் எண் எதையும் சொல்லாது. தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கனத்த உடுப்புகளைக் கழற்றி நிறுத்து, வயதுக்கு நேராகப் புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு இணைக்க வேண்டும். அட்டையின் கீழ்ப்பகுதியில் இருந்தாலும் சீராக மேலேறும் கோட்டைப் பார்த்துப் பெரும்பாலும் பதற வேண்டியதில்லை. ஆறாம் மாதத்தில் நல்ல எடையோடு இருந்த குழந்தைக்கு எட்டாம் மாதத்திலும் அதே எடை என்றால், கன்னம் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். வயிற்றுப்போக்கு வந்ததா? தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவு தொடங்கியாயிற்றா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை? தாய் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாரா? பகலில் ஊட்டுவது யார்? இந்தப் பேச்சு நடக்காவிட்டால் எடை பார்ப்பது வெறும் சடங்கு.

வயிற்றுப்போக்கு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் போன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பெரும்பாலும் கரைசலைப் புகட்டியவர்கள் நோயாளிகளின் உறவினர்களே. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டினால் 'இது மட்டும்தானா, ஊசி இல்லையா?' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு தரும் துத்தநாக மாத்திரையும் போக்கு நின்றதும் பாதியில் நின்றுவிடுகிறது. 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம்தான் நெரிசலில் கிடைப்பதில்லை.

தடுப்பூசியில் என் கோபம் பெற்றோர் மீது குறைவு, எங்கள் துறையினர் மீது அதிகம். லேசான சளியோ சிறு காய்ச்சலோ தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. இருந்தும் 'சளி சரியானதும் வாருங்கள்' என்று திருப்பி அனுப்புகிறோம். ஒரு நாள் கூலியை விட்டு வந்த தாய் மறுபடி எப்போது வருவார்? இன்னொரு பழக்கமும் உண்டு. தட்டம்மை மருந்துக் குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனமில்லாமல், இன்னும் சில குழந்தைகள் சேரட்டும் என்று வந்த குழந்தையை அனுப்பிவிடுகிறார்கள். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். மருந்து வீணாகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

எடை பார்ப்பது, தடுப்பூசி போன்ற ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும் உரியது என்று 1978-இல் அல்மா-அட்டா (இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி) நகரில் உலக நாடுகள் அறிவித்தன. நடைமுறையில் அது வசதியில்லாதவர்களுக்கான மலிவு வைத்தியமாகவே நடத்தப்படுகிறது. வசதி படைத்த வீட்டுக் குழந்தையும் காய்ச்சல் வந்தால்தான் மருத்துவரைப் பார்க்கிறது; அதற்கும் வளர்ச்சிக் கோட்டை யாரும் போடுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் சத்துமாவு விளம்பரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியை ஒருமுறை இதற்குத் தாருங்கள். குழந்தை தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமும் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, அதன் பிறகு ஐந்து வயது வரை 40, இந்த அளவையோ அதற்கு மேலோ எட்டினால் காத்திருக்கக் கூடாது. கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி, பாட்டிகளும் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர்