அருவி வெட்டுக்கு முன் அரை மணித்தியாலம் தாருங்கள்: கமக்கார அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ் மாவட்டக் கமக்கார அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தை பிறந்தால் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை. நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் புடையன் வரும். கண்ணாடி விரியன் என்று புத்தகங்களில் எழுதுகிற அந்தப் பாம்பு கடித்த பிறகு எங்கள் இரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். கடிபட்டு வந்தவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன். அந்தக் குழாயில் நடப்பது என்னவென்று விளங்கிவிட்டால், கடிபட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு "விடியட்டும், பார்ப்பம்" என்று எவரும் சொல்லமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

அரிவாள் விரலில் பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் முதலில், இரத்தத்தில் மிதக்கிற நுண்ணிய துணுக்குகளான குருதிச் சிறுதட்டுகள் போய் ஒட்டுகின்றன. கூடவே, இரத்தத்தில் கரைந்து சும்மா ஓடிக்கொண்டிருந்த சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. இவற்றைக் காரணிகள் என்பார்கள். பெரும்பாலும் ஈரலில்தான் உண்டாகின்றன. பத்தாம் காரணி எழும்பி, ஐந்தாம் காரணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புரோத்துரொம்பினைத் துரொம்பின் ஆக்குகிறது. துரொம்பின், பைபிரினோஜன் என்ற புரதத்தை வெட்டி பைபிரின் இழையாக மாற்றுகிறது. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளை இறுகப் பிணைத்துவிடுகிறது. இரத்தக் கட்டி என்பது இந்தப் பின்னல்தான். இதற்கான கையிருப்பு பெரிதல்ல: இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஒரு லீற்றரில் 2 முதல் 4 கிராம் பைபிரினோஜன்.

கட்டியைக் கரைக்கவும் உடம்பில் ஆள் உண்டு. இரத்தக் குழாயின் சுவரிலிருந்து வரும் ஒரு நொதியம் பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்ற, பிளாஸ்மின் பைபிரினைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. கொரோனாக் காலத்தில் டி-டைமர் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். இப்படி நறுக்குப்பட்ட பைபிரினின் ஒரு துண்டுதான் அது. இதற்கிடையில், உறைதல் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஆன்ரித்துரொம்பின், புரதம் சி என்று வேறு காவலும் இருக்கிறது.

இனிப் புடையனின் நஞ்சுக்கு வருகிறேன். அது இரத்தத்தைத் தண்ணியாக்கும் என்று ஊரில் சொல்வார்கள். முடிவைப் பார்த்துச் சொன்னது, சரிதான். ஆனால் நஞ்சு தொடங்குவது உறைய வைப்பதில். அதிலுள்ள ஒரு நொதியம் நேரே பத்தாம் காரணியை எழுப்புகிறது. இன்னொன்று ஐந்தாம் காரணியை எழுப்புகிறது. உடம்பில் வெட்டுக்காயம் எதுவுமே இல்லாமல் ஓடுகிற இரத்தத்தில் துரொம்பின் பெருகுகிறது. பைபிரினோஜன் எல்லாம் வீணாக இழையாகிறது, பிளாஸ்மின் பின்னாலேயே வந்து கரைக்கிறது. சில மணித்தியாலத்துக்குள் கையிருப்பு தீர்ந்துபோகும். விதைநெல்லையும் குத்திச் சமைத்துச் சாப்பிட்டுவிட்ட வீடு போல, உண்மையாகவே தேவை வரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எனக்குப் பயம் தருவது இந்த நேரத்தில் ஆளுடைய தோற்றம். அவர் கதைப்பார், தேத்தண்ணி கேட்பார், வெட்டாமல் கிடக்கிற மிச்ச வயலைப் பற்றிக் கவலைப்படுவார். கால் வீங்கி வலிக்கும், அவ்வளவுதான். இரத்தம் உறையாமல் போனதை வெளியில் நின்று பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அப்புறம் பல் முரசில் இரத்தம் கசியும், கடிவாய் நில்லாமல் ஊறும், சிறுநீர் சிவக்கும். மூளைக்குள் கசிந்தால் திருப்பி எடுப்பது கடினம். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எங்கள் நாட்டுப் புடையன் கடித்தால் கண் இமை சரிந்து விழுவதும் உண்டு.

சுருட்டையைச் சின்னப் பாம்பென்று விட்டுவிடாதீர்கள். குடாநாட்டின் மணற்பாங்கான கரையோரங்களில் அது இருக்கிறது. அதன் நஞ்சிலுள்ள எகாரின் என்ற நொதியம் பத்தாம் காரணிக்காகக் காத்திராமல் புரோத்துரொம்பினையே நேரே பிடிக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் புடையனைவிடக் குறைவு என்றாலும் இரத்தத்தில் நடப்பது ஒரே வகைக் கூத்து.

இந்த நஞ்சுகளின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தில் மக்ஃபார்லேன் என்ற மருத்துவர் 1934இல், இரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்களின் காயத்தில் புடையன் நஞ்சை மிக ஐதாக்கிப் பூசி இரத்தத்தை நிறுத்திக் காட்டினார். சுருட்டையின் நஞ்சிலுள்ள இன்னொரு புரதத்தைப் பார்த்துத்தான், மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கிற டைரோபைபன் என்ற மருந்தை வடிவமைத்தார்கள். சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அது தடுக்கிறது. எங்கள் பற்றைக்குள் கிடக்கிற ஒரு பாம்பிலிருந்து இப்படி ஒரு மருந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

சரி, வைத்தியசாலைக்குப் போனால் என்ன செய்வார்கள்? நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒருதரம் சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் இப்போதைக்கு இரத்தம் உறைகிறது. தண்ணீர் போல ஓடினால் காரணிகள் தீர்ந்துவிட்டன. கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடக்கிவைப்பதால் பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பிழையான முடிவைத் தரும். மின்சாரமோ இயந்திரமோ இல்லாத இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல் குழாய் உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். "மருந்து ஏற்றாமல் சும்மா படுக்க விட்டிருக்கினம்" என்று உறவினர் கோபிப்பதை வாட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. விசமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற எதிர்ப்புரதம். சிலருக்கு அதுவே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் நஞ்சு ஏறிய அடையாளம் தெரிந்தால்தான் கொடுப்பார்கள். ஒரு நாள் படுக்க வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்.

இன்னொரு பதற்றமும் உண்டு. மருந்து ஏற்றி மணித்தியாலக் கணக்காகியும் இரத்தம் உறையவில்லை என்றதும், ஆளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். தயவுசெய்து இதை உங்கள் அங்கத்தவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள்: விசமுறி மருந்து நஞ்சைப் பிடித்து அடக்கும், தீர்ந்துபோன காரணிகளைத் திருப்பித் தராது. அவற்றை ஈரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்வது அதைப் பார்க்கத்தான். சிலருக்கு முழுதாகச் சரிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

இவ்வளவும் விளங்கினால், கடித்த உடனே என்ன செய்யக்கூடாது என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. உறையாத இரத்தம் உள்ள காலில் பிளேட்டால் கீறினால் அந்தக் காயத்தை எதைக்கொண்டு அடைப்பது? இறுக்கிக் கயிறு கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் உதவாது. மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் ஏற்றுங்கள். வலிக்கு அஸ்பிரினோ புரூபனோ கொடுக்கவே வேண்டாம், அவை சிறுதட்டுகளையும் முடக்கிவிடும். பனடோல் கொடுக்கலாம். உங்கள் அங்கத்தவர்களில் வயதானவர்கள் பலர் இதயத்துக்கு அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பார்கள், இவையும் இரத்தம் உறைவதைக் குறைப்பவை. கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பரியாரியாரிடம் போகாதே என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. பரம்பரையாக ஊருக்கு உழைத்தவர்கள் அவர்கள், அவர்களின் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது. அந்த மதிப்பை வைத்தே "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவர்கள் சொல்லவேண்டும். உங்கள் கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள்.

இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள் என்று 2016இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வொன்று கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியை, கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களில் முதல் வகையில் சேர்த்தது. பெரிய இடங்கள் செய்யவேண்டியதை அவை செய்யட்டும். வயலில் கடிபட்டவர் எத்தனை மணிக்கு வைத்தியசாலை வாசலை அடைகிறார் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே அருவி வெட்டுக்கு முந்திய கூட்டத்தில் உரமானியம், வாய்க்கால் கணக்கோடு இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். இரவில் வாகனம் எடுக்கக்கூடியவர்களின் தொலைபேசி இலக்கங்களை எழுதி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் சேர்த்து, களஞ்சியச் சுவரில் ஒட்டுங்கள். சாவகச்சேரியா, பருத்தித்துறையா, தெல்லிப்பழையா, ஊர்காவற்துறையா, யாழ் போதனா வைத்தியசாலையா என்று உங்கள் வயலிலிருந்து போகவேண்டிய இடத்தை இப்போதே தீர்மானியுங்கள். வெட்டுக்கு வருகிற கூலியாட்களுக்கு முழங்கால் வரை சப்பாத்தும், இருட்டினால் டோர்ச் லைற்றும் அமைப்பின் செலவில் வாங்கி வையுங்கள்.

கூட்டத் திகதியை எனக்கு அறிவித்தால் கண்ணாடிக் குழாயோடு வருகிறேன். என் இரத்தத்தையே அதில் விட்டு, 20 நிமிடத்தில் அது எப்படி உறைகிறது என்று உங்கள் முன்னாலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடப் பணியாளர் ஒருவர்,
தென்மராட்சி.