வலி நின்றதை வரவில் எழுதாதே

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். பெரியவள் புதிய வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அதற்கு நிதானமாகப் பதில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைவாய்ப் பல்லில் இருந்த வலி தானாகவே நின்றுவிட்டதால் பல் மருத்துவரிடம் போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாகவும், அதற்கென எடுத்து வைத்திருந்த தொகை அப்படியே மிச்சமாகிவிட்டதாகவும் இரண்டாம் பக்கத்தின் நடுவே நீ மகிழ்ச்சியோடு எழுதியிருந்ததைப் படித்த பிறகு, உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் சிக்கனத்தின் மீது எனக்கு இருக்கும் மதிப்பு எள்ளளவும் குறைந்ததில்லை. மெழுகுவத்திக்குக்கூட நீ கணக்குப் பார்த்ததை நம் நண்பர் கூட்டத்தின் பொருளாளன் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆயினும் கடன் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாமல் தம்பி தங்கைகள் அனைவரையும் படிக்க வைத்தவன் நம் கூட்டத்தில் நீ ஒருவன்தான் என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட உனக்கு, செலவழி என்று நான் எழுத வேண்டியிருக்கிறது. அதை உன் கணக்கு முறையைக் கொண்டே எழுதுகிறேன்.

பல்லின் மேலடுக்கான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால்தான் சொத்தை அந்த அடுக்கை அரிக்கும் காலம் முழுவதும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு அடியில் இருக்கும் டென்டினை அது எட்டும்போது கூச்சம் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களும் நரம்பும் இருக்கும் பற்கூழை எட்டும்போது, நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, இரவில் படுத்தால் கூடும் வலி, அது வருகிறது. சிகிச்சை எதுவும் செய்யாமல் அத்தகைய வலி திடீரென்று நின்றுபோனால், பற்கூழ் செத்துப்போயிருக்குமோ என்றுதான் மருத்துவர்கள் முதலில் ஐயப்படுவார்கள். உணர்வதற்கு நரம்பு இல்லாததால் வலி இருக்காது. ஆனால் கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடையெலும்பைச் சென்றடைந்து அங்கே சீழ் கட்டச் செய்யும். அந்தத் தொற்று முகத்திலும் கழுத்திலும் பரவி உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. உன் பல் அந்த நிலையில்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; அதைச் சொல்ல ஓர் எக்ஸ்ரே வேண்டும். அந்த எக்ஸ்ரேயைத்தான் நீ வேண்டாம் என்று தள்ளியிருக்கிறாய்.

செலவு எப்படி ஏறுகிறது என்று பார். சொத்தை மேலாக இருக்கும்போது ஒரே அமர்வில் சுத்தம் செய்து அடைத்து அனுப்பிவிடுவார்கள். பற்கூழ் கெட்ட பிறகு வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும். கடைவாய்ப் பல்லாக இருந்தால் அதன்மேல் பெரும்பாலும் கிரீடம் எனப்படும் ஓர் உறையும் பொருத்த வேண்டும். அதையும் தள்ளிப்போட்டுப் பல்லை இழந்துவிட்டால், எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதனோடு இணையும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு செயற்கைப் பல் வைக்க வேண்டிவரலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கூடுதல் செலவு வைப்பது. நீ மிச்சம் என்று எழுதி வைத்திருப்பது, வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும் கடன். கடனையே வீட்டுக்குள் விடாதவன், வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

எல்.இ.டி. விளக்குகள் புதிதாக வந்த காலத்தில், ஒரு பல்புக்கு இவ்வளவு விலையா என்று நாங்கள் தயங்கினோம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியவன் நீ. 60 வாட் குண்டு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட். அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாட் எல்.இ.டி. எரிந்தால் 9 யூனிட். குண்டு பல்பின் ஆயுள் அந்த 1,000 மணி நேரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். இதுவோ 15,000 மணி நேரம்வரை உழைக்கக்கூடியது. விலையைப் பார்க்காதே, வாங்கிய பிறகு அது உன்னிடமிருந்து எவ்வளவு எடுக்கும் என்று பார் என்று அன்று நீ சொன்னதைக் கொண்டுதான் நான் இன்றுவரை எந்தப் பொருளையும் வாங்குகிறேன். அடிப்பகுதியை மாற்றித் தைக்கக்கூடிய காலணியைக் கூடுதல் விலைக்கு வாங்கி ஆண்டுக்கணக்கில் அணிவதும் உன்னிடம் கற்றதுதான். பல்புக்கும் காலணிக்கும் இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடும் நீ, உன் உடம்பு என்று வரும்போது மட்டும் இன்றைய விலையோடு நின்றுவிடுகிறாய். இதுதான் என்னை வருத்துகிறது.

படுக்கையும் அப்படித்தான். நடுவில் குழிந்துபோன மெத்தையில் இன்னும் படுத்துக்கொண்டு, காலையில் இடுப்பு பிடிக்கிறது என்று எழுதுகிறாய். நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கை அதன் மேல்தான் கழிக்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், உன் வீட்டில் அதைவிட மலிவான பொருள் அதிகம் இருக்காது.

அடுத்து அந்த டயர்கள். பாதி விலைக்குக் கிடைத்தன என்று போன முறை பெருமையோடு சொன்னாய். அவற்றின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2315 என்று இருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் மூப்படைந்து விரிசல் விடும். பள்ளங்களின் ஆழத்தையும் பார்த்துக்கொள். பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதற்கும் கீழே போனால், மழைநீரை ஒதுக்கித் தள்ள இடமில்லாமல் டயர் தண்ணீரின் மேல் வழுக்கும். கீழே விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தையும் மாற்றிவிடு. உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அப்படித் தாங்காது. ஒரே ஒரு முறை தவறினால், ஆயுள் முழுவதும் சேர்த்தது போய்விடக்கூடிய இடங்கள் இவை. இங்கே மலிவைத் தேடுவதைச் சிக்கனம் என்று என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

பொருளாளனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசியில் காதுக் கருவி வாங்கிவிட்டான். விலையைக் கேட்டு எவ்வளவு காலம் முரண்டு பிடித்தான் என்பது உனக்குத் தெரியும். ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோயைப் பற்றி 2017ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகளில், மாற்றியமைக்கக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக நடுவயதில் ஏற்படும் கேட்புக் குறைபாட்டைச் சேர்த்திருந்தது. அதை அவன் மகன் படித்துக் காட்டிய பிறகுதான் அசைந்து கொடுத்தான். இப்போது தொலைபேசியில் அவனோடு கத்தாமல் பேச முடிகிறது. அவனும் பழையபடி நடுவில் புகுந்து திருத்துகிறான்.

நான் ஊதாரித்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதே. மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் மூலப்பொருளும் அளவும் ஒன்றாக இருந்து, அது முறையாக ஒப்புதல் பெற்றதாகவும் இருந்தால், பிரபலப் பெயருக்காக மேலும் பணம் கொடுப்பது வீண். வண்டியின் கையேடு கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோலும் அப்படியே. இந்த வகையில் உன் பிடிவாதம் தொடரட்டும். சந்தேகம் வந்தால் நான் இன்னமும் உன்னிடம்தான் கேட்பேன்.

ஆனால், நண்பா, நம் கூட்டத்தின் மூத்தவரை நினைத்துப் பார். நெஞ்சில் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னதும், பரிசோதனைக்கு இவ்வளவா என்று திரும்பி வந்ததும், பிறகு அது தானாகவே போய்விட்டது என்று நம்மிடம் மகிழ்ந்ததும் நீ மறந்திருக்க மாட்டாய். அவருடைய வைப்புநிதிச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி அவர் மகளிடம் கொடுத்தவர்கள் நாம் இருவரும்தான். அந்தப் பெண் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உன் கடிதத்தில் ‘தானாகவே’ என்ற சொல்லைப் பார்த்தபோது அவர் குரல்தான் எனக்குக் கேட்டது.

ஆகவே இந்த வாரமே போய்வா. முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல். சிகிச்சையில் என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும், எத்தனை அமர்வுகள் தேவைப்படும் என்று எழுதி வாங்கிக்கொள். அதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. கட்டணம் அதிகம் என்று தோன்றினால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பார். பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வதால் அங்கே பொதுவாகக் கட்டணம் குறைவாக இருக்கும். நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குள் முகமோ தாடையோ வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், விழுங்கச் சிரமமாக இருந்தாலும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடு.

தங்கைக்குத் தனியாக ஒரு சீட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிடு. எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று உடனே எழுது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி நீ கேட்டிருந்ததற்கு அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
உன் நண்பன்