கண்மாய்க் கரை மண்ணாகவே இருக்கட்டும்

மேலூர் வட்டாரத்து ஊராட்சிப் பெரியவர்களுக்கும், ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், கண்மாய்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடுவேன். உங்களில் சிலர் கரையில் என்னை நிறுத்தி, "தம்பிக்கு எந்த ஊரு, இந்த வண்டி என்ன விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு அம்மா நீச்சத்தண்ணி கொடுத்தார். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: கண்மாய்க் கரைகளின் மேலும் கால்வாய்க் கரைகளின் மேலும் தாரோ, சிமெண்டோ, பேவர் கல்லோ போடாதீர்கள்.

நான் ஓட்டுவது கிராவல் சைக்கிள். கிராவல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். டிப்பர் லாரி, அடிவாரத்தில் தோண்டிப்போட்ட பள்ளம், குவாரிப் புழுதி. இந்த வண்டிக்கும் அதே சரளையை வைத்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் இது எதையும் தோண்டி எடுத்துப்போவதில்லை. ரேஸ் சைக்கிள்போலக் கைப்பிடி வளைந்திருக்கும். டயர் மட்டும் 40, 45 மில்லிமீட்டர் அகலம். காற்றை ரேஸ் சைக்கிளுக்கு அடிப்பதில் பாதிக்கும் கீழே வைப்போம். அப்போது டயர் சரளையை உள்வாங்கிக்கொண்டு உருளும், கல்லுக்குக் கல் துள்ளாது. இது கைக்கு வரும்வரை நான்குவழிச் சாலையின் ஓரக்கோட்டில், பின்னால் வருகிற லாரிச் சத்தத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டே ஓட்டியவன் நான். தார்ச்சாலையை விட்டு இறங்கிய அன்றுதான் நான் பிறந்த மாவட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

அழகர்கோவில் சாலையில் கள்ளந்திரிவரை போய், அங்கே இறங்கிவிடுவேன். பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரிவரை இருபோகம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சைக்கிளில் வருகிறவனுக்கும் அந்த எல்லை கண்ணில் படும். பச்சை விலகி, மானாவாரியும் பாறையும் பனையும் கூடிக்கொண்டே வரும். மேற்கே பாயவேண்டிய பெரியாற்றைத் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் அனுப்பியது 1895இல். அந்தத் தண்ணீர் போகிற கரையில்தான் என் சக்கரமும் போகிறது. பிறகு கண்மாய்க் கரை, களத்து மேடு, மறுபடி கண்மாய்க் கரை. இப்படியே மாங்குளம், மீனாட்சிபுரம், அரிட்டாபட்டி.

கரைமேல் ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு பக்கம் உள்வாயில் தண்ணீர், மறுபக்கம் வயல், எதிரே குன்று. நாம் அவ்வளவுக்கும் மேலே, பனை உயரத்தில் பாதியில் இருப்போம். காலை ஆறரைக்கு நாமக்கோழி சத்தம், முக்குளிப்பான் மூழ்குகிற சத்தம், டயருக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தம், இவைதவிர வேறு எதுவும் கேட்காது. மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கு வந்ததும் இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு கடக்கவேண்டும். வெட்டுக்கல் வழுக்கும், மெதுவாகத்தான் போகமுடியும். அந்த மெதுவுக்காகவே வருகிறேன்.

மீனாட்சிபுரம் மலையில் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஏறினால், 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் இருக்கின்றன. சமண முனிவருக்குப் பள்ளி செய்துகொடுத்த செய்தியும் நெடுஞ்செழியன் என்ற பேரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாறையில் கிடக்கின்றன. அரிட்டாபட்டியில் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலில் கையில் தண்டோடு, சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் உட்கார்ந்திருக்கிறார். இவற்றைக் காரிலும் வந்து பார்க்கலாம். ஆனால் குன்று, குன்றின் காலடியில் சுனை, சுனை வழிந்து வருகிற ஓடை, ஓடை சேர்கிற கண்மாய், கண்மாய் மடையில் வயல் என்ற கோர்வை, கரையோடு கரையாக வருகிறவனுக்குத்தான் பிடிபடும். கல்வெட்டு ஏன் இங்கே, ஊர் ஏன் அங்கே என்பதற்கு அந்தக் கோர்வைதான் பதில்.

இதன் அருமையை உங்களுக்கு விளக்குகிற இடத்தில் நான் இல்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்று, 72 நீர்நிலை, 200 சுனை என்று கணக்குச் சொன்னார்கள். லகர் வல்லூறும் தேவாங்கும் எறும்புதின்னியான அழுங்கும் பட்டியலில் இருந்தன. இரண்டே ஆண்டு கழித்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் வந்தபோது, கிராமம் கிராமமாகக் கூடிப் பேசி, மதுரைவரை ஊர்வலம் வந்தவர்கள் நீங்கள். 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலம் ரத்தானது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சுரங்கத்தை எதிர்த்து நின்ற ஊருக்கு ஒரு சிமெண்ட் பாதை பெரிய ஆபத்தாகத் தெரியாது. அது வளர்ச்சி என்ற பேரில், நல்ல எண்ணத்தோடு, நாமே கேட்டு வருவது. அதனால்தான் கவலைப்படுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது குளித்த ஒரு கண்மாய், நகரத்துக்கு அருகில் உள்ளது, கரை முழுக்கக் கல் பதித்து விளக்கும் போட்டார்கள். முதல் மாதம் பெண்கள் நடைப்பயிற்சிக்கு வந்தார்கள். ஆறாவது மாதம் கார்கள் ஏறின. அடுத்த மழைக்குள் கரையின் புறவாய்ச் சரிவில் கட்டிடக் கழிவும் கோழி இறைச்சிக் கழிவும் பாட்டிலும் குவிந்துவிட்டன. முன்பெல்லாம் அந்த மண் பாதையில் குப்பை வண்டி ஏற முடியாது, அதனால் யாரும் கொட்டவில்லை. இப்போது அங்கே ஆடும் வருவதில்லை, நடைக்கு வந்த பெண்களும் வருவதில்லை.

கரைக்கும் அது நல்லதில்லை. மண் கரை உயிருள்ளதுபோல அமுங்கும், வெடிக்கும், மழைக்குக் கரையும். எலி வளையும் நண்டு வளையும் விழும். மடை திறந்து தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சிக்காரர் நடந்துபோகையில் கால் புதைகிற இடத்தைப் பார்த்து, இங்கே கசிவு இருக்கிறது, ரெண்டு கூடை மண் போடு என்பார். மேலே சிமெண்ட் மூடிவிட்டால் அந்தப் புதைவு காலுக்குத் தெரியாது. அடியில் மண் விலகி, மேலே பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும். தெரியவரும்போது ஐப்பசி மழை வந்திருக்கும்.

மண்ணாக விடுங்கள் என்றால் கவனிக்காமல் விடுங்கள் என்று அர்த்தமில்லை. கரைப் பாதைக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். டிராக்டர் தடம் பள்ளமான இடங்களில் சரளை போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுங்கள். உள்வாய்ப் பக்கம் கொஞ்சம் சரிவு கொடுங்கள், மழைநீர் கண்மாய்க்குள்ளேயே வடியும், புறச்சரிவை அரிக்காது. அந்தச் சரளையை அதே குன்றின் காலில் தோண்டிக் கொண்டுவரவேண்டாம் என்பதையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தூர் வாரும்போது வருகிற மண்ணிலேயே கரைக்கு ஆகிற மண் இருக்கும்.

சீமைக் கருவேலத்தை வெட்டும்போது முள்ளைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். என் டயருக்குள் ஓட்டை அடைக்கும் பால் ஊற்றியிருக்கிறேன், சமாளித்துக்கொள்வேன். வெறுங்காலோடு ஆடு மேய்க்கிற அண்ணனுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அப்படி எதுவும் இல்லை. வெட்டுக் குத்தகை விடும்போதே முள்ளை அள்ளிப்போடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கரை தொடங்குகிற இடத்தில் இரண்டு கல் தூண் நடலாம். கல்லுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆளும் மாடும் சைக்கிளும் டூவீலரும் நுழையட்டும். நடுவே பூட்டுப் போட்ட இரும்புக் குழாய், சாவி ஊராட்சியில். மராமத்துக்கு வண்டி ஏறவேண்டிய அன்று மட்டும் திறந்தால் போதும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு குடியிருப்புக்குப் போக கரைதான் ஒரே வழி என்றால் அங்கே தார்ச்சாலை வரத்தான் வேண்டும். 108 வண்டி சேற்றில் நிற்கக்கூடாது, கர்ப்பிணியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. என் ஞாயிற்றுக்கிழமைக்காக யாரும் கஷ்டப்படவேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு வேறு நல்ல சாலை இருந்தும் கரைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கும்போது, யாருக்காக என்று ஒரு தடவை கிராம சபையில் பேசுங்கள்.

எங்களிடமும் தப்பு இருக்கிறது. கூட்டமாக வந்து, ஆட்டுக்குப் பின்னால் மணி அடிக்காமல் பாய்ந்து கிடையைக் கலைத்தவர்கள் உண்டு. முனிவர்கள் படுத்த கற்படுக்கையில் பேர் கீறியவர்கள் சைக்கிளில் வந்தவர்களாகவும் இருக்கலாம். ஈரக் கரையில் மழை விட்ட மறுநாளே ஓட்டித் தடம் கிழித்திருக்கிறோம், நானே செய்திருக்கிறேன். இப்போது இரண்டு நாள் காய விட்டுத்தான் வருகிறேன். ஆட்டைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். உடன் வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் வேறு ஏதாவது கட்டுப்பாடு வைத்தால் அதற்கும் கட்டுப்படுவோம்.

தை பிறந்து, கண்மாய் நிறைந்திருக்கும் ஒரு ஞாயிறு காலை உங்களில் யாராவது, முக்கியமாகப் பொறியாளர் ஐயாக்களில் ஒருவர், என்னோடு கரையில் வரவேண்டும். என்னிடம் இன்னொரு சைக்கிள் இருக்கிறது, சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றித் தருகிறேன். ஆறு மணிக்குக் கள்ளந்திரியில் நிற்பேன்.

அன்புடன்,
கரையில் நீங்கள் பார்த்திருக்கும் சைக்கிள்காரன்