ஆச்சி வீட்டு பல்பு அணைந்துவிட்டது, நம் பாதைக்கு நாமே விளக்கு போடுவோம்

எல்லாருக்கும் வணக்கம்.

கடைசி வீட்டு ஆச்சி சென்னையில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. அவர் கிளம்பிய அன்று ராத்திரிதான் நம்மில் பலருக்கு விஷயமே உறைத்தது. பின்பக்க நடைபாதையில் இத்தனை வருஷம் நமக்கு வழி காட்டியது அவர் வீட்டு சிட்அவுட்டில் எரிந்த ஒற்றை பல்பு. சாயங்காலம் ஆறரைக்குப் போடுவார், விடியலில் கோலம் போட்டு முடித்த பிறகுதான் அணைப்பார். கரண்ட் பில் கட்டியது அவர், வெளிச்சத்தில் நடந்தது நாம். ஒரு நாள்கூட யாரிடமும் இதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை.

இப்போது ஏழு மணிக்கு மேல் அந்தப் பாதை கும்மிருட்டு. போன மாதம் மூன்றாவது வீட்டு அக்கா வேலை முடிந்து வரும்போது, தன் வீட்டு வாசல்படி, பதினைந்து வருஷமாக ஏறி இறங்கும் அதே படி, இருட்டில் தவறி மணிக்கட்டு முறிந்து இன்னும் கட்டோடு இருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் ஒரு வீட்டு சிட்அவுட்டில் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டுவிரியன். டியூஷன் முடிந்து வந்த பையன் கையில் செல்போன் டார்ச் இருந்ததால் பார்த்தான், இல்லையென்றால் நினைக்கவே முடியவில்லை. நாம் இருப்பது பாளையங்கோட்டையைத் தாண்டி வயலையும் ஓடையையும் ஒட்டிய இடம். பாம்பு வரத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில். கடித்தாலும் பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகி உயிர் போகிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதுதான் நம்மால் ஆன முதல் காப்பு.

முன்தெருவில் தெருவிளக்கு இருக்கிறது. பின்பாதை நம் மனைப்பிரிவின் பொது இடம், அதற்கு நாம்தான் போட்டாக வேண்டும். ஆகவே கமிட்டி கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: 160 மீட்டர் பாதை முழுக்க 16 விளக்குகள், 34 வீட்டு சிட்அவுட்டுக்கும் வீட்டுக்கு ஒரு விளக்கு. அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

என்ன விளக்கு, ஏன் அந்த விளக்கு என்று விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் போன வருஷம் ஒரு தவறு நடந்தது. பாதை முனையில் 100 வாட் ஃபோக்கஸ் லைட் ஒன்றை வாங்கி மாட்டினோம். எதிரே நடந்து வருபவர் கண்ணைக் கூசியது, அந்த வெள்ளை வெளிச்சத்தைத் தாண்டி நான்கு எட்டு வைத்ததும் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், பளிச்சென்ற ஒளியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். காம்பவுண்ட் நிழலில் ஒருவன் நின்றால்கூடத் தெரியாது. போதாக்குறைக்கு பக்கத்து மாடி வீட்டுப் படுக்கையறையில் ராத்திரி முழுக்க வெளிச்சம். அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், கழற்றிவிட்டோம். அந்தக் குடும்பத்திடம் இங்கேயும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த முறை பெரிய விளக்கு வேண்டாம். பத்து மீட்டருக்கு ஒரு ஒன்பது அடி ஜிஐ பைப் கம்பம், அதில் 12 வாட் எல்இடி, மேலே மூடி போட்டுத் தரையை மட்டும் பார்க்கிற மாதிரி. நிறம் 3000 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட பழைய குண்டு பல்பின் மஞ்சள். வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசலும் பூச்சியும் மொய்க்கும், பூச்சிக்குத் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும், மழைக்காலத்தில் நாம் பார்க்காததா? மஞ்சளுக்கு இது ஓரளவு குறையும். எல்லா விளக்கும் ஐபி65 தரம், தூசி உள்ளே போகாது, சாரல் அடித்தாலும் தாங்கும்.

சிட்அவுட் விளக்கு வேறு மாதிரி. 9 வாட், ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சாரோடு. உடம்புச் சூடு நகர்வதை வைத்துத்தான் அந்த சென்சார் வேலை செய்கிறது, அதனால் ஏழெட்டு அடி உயரத்தில், வருபவர் குறுக்கே கடக்கிற மாதிரி மாட்டினால் நன்றாகப் பிடிக்கும், நேர் எதிரே வந்தால் கொஞ்சம் தாமதமாகும். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் காற்றின் சூடும் உடம்புச் சூடும் நெருங்கிவிடுவதால் அப்போது சற்று மந்தமாக இருக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாய் வந்தாலும் எரியும். எரியட்டும், அந்த நேரத்தில் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்க்க முடிகிறதே, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு! சென்சார் வேண்டாம், எப்போதும் எரியட்டும் என்பவர்களுக்கு சுவிட்சை மாற்றித் தருவோம். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட்தான்.

சோலார் போடலாமே என்று பலர் கேட்டீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் பாதை நெடுக வேப்பமர நிழல், அதை வெட்ட யாருக்கும் மனசு வராது, எங்களுக்கும் வராது. ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து மேகம் மூடினால் பேட்டரி ஏறாது, நமக்கு விளக்கு அதிகம் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான். எனவே பொது மோட்டார் இணைப்பிலிருந்தே கேபிள். 16 விளக்கும் சேர்ந்து 192 வாட், ஒரு ராத்திரிக்கு சுமார் 2.3 யூனிட். அந்தச் செலவு மாதப் பராமரிப்புத் தொகைக்குள் அடங்கும், சந்தாவை உயர்த்த மாட்டோம்.

மழையில் கரண்ட் என்றதும் பயம் வரும், வர வேண்டும். கேபிள் முழுவதும் கம்பிக் கவசம் போட்டது, பைப்புக்குள் மண்ணுக்கு அடியில் போகிறது. தனி எர்த் குழி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மொத்த இணைப்பையும் துண்டிக்கும் ஆர்சிசிபி. இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த மாட்டோம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் வேலை செய்வார்.

சரி, பணம். பாதை விளக்கும் கம்பமும் 33,600 ரூபாய். சிட்அவுட் விளக்குகள் 27,200. கேபிள் 180 மீட்டர் 24,300. பைப், ஜங்ஷன் பாக்ஸ், ஆர்சிசிபி, டைமர் எல்லாம் 9,500. எர்த் குழி 4,000. பள்ளம் தோண்டுவதும் ஒயரிங் கூலியும் 26,000. ஆக 1,24,600. மூன்று கடையில் விலை கேட்டுத்தான் இதை எழுதுகிறோம், ரசீதுகள் செயலாளரிடம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள். கமிட்டி இருப்பில் 22,600 இருக்கிறது. மீதி 1,02,000. வீட்டுக்கு 3,000 வீதம் வந்தால் சரியாக முடியும்.

எல்லா வீட்டுக்கும் 3,000 ஒரே மாதிரி இல்லை என்று தெரியும். இரண்டு தவணையாகத் தரலாம். பாதி தரலாம். இந்த வருஷம் முடியவில்லை என்றால் சொல்லக்கூட வேண்டாம், யார் தந்தார்கள் யார் தரவில்லை என்ற பட்டியலை எங்கும் ஒட்ட மாட்டோம். வாடகைக்கு இருப்பவர்களும் சேர்த்து 34 வீட்டிலும் விளக்கு எரியும், அதில் மாற்றமில்லை. அதனால்தான் முடிந்தவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்: உங்கள் பங்குக்கு மேல் கொஞ்சம் போடுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவை இங்கே விட்டிருக்கிற பிள்ளைகளே, உங்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறோம். விளக்கோடு சேர்த்து ஒரு கம்பத்தின் விலை 2,100 ரூபாய்தான்.

ஆவணி முடிவதற்குள் பணம் சேர்ந்தால் புரட்டாசியில் பள்ளம் தோண்டி ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம். மழை தொடங்கிவிட்டால் வயலோர மண் சேறாகிவிடும், பள்ளத்தில் தண்ணீர்தான் நிற்கும், அப்புறம் தைக்குப் போய்விடும். பணத்தைக் கமிட்டிக் கணக்கில் போடலாம், நேரில் பொருளாளரிடமும் தரலாம், இரண்டுக்கும் ரசீது உண்டு.

ஆச்சியிடம் போனில் பேசினோம். பூட்டிக் கிடக்கும் அவர் வீட்டு சிட்அவுட்டிலும் ஒரு விளக்கு மாட்டச் சம்மதம் கேட்டோம். சரி என்றவர், தன் பங்கு 3,000-ஐ மகளிடம் சொல்லி அன்றைக்கே அனுப்பிவிட்டார். முதல் ரசீது அவர் பெயரில்தான் போட்டிருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாதையை அளந்து கம்பம் வரும் இடங்களில் சுண்ணாம்பு வைக்கிறோம். உங்கள் ஜன்னலுக்கு நேரே வருகிறதா, வண்டி திருப்ப இடைஞ்சலா என்று பார்க்க வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். கம்பம் ஊன்றிய பிறகு நகர்த்த முடியாது.